பட்டை கிராம்பு சிரப் சளி மாதிரி கொழகொழவென்று வந்துவிட்டது, எங்கே பிசகினேன்?

மழைக்குருவி:
கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். காபியில் ஊற்ற, கேக்கில் தடவ, குழந்தைகளுக்குச் சோடாவில் கலந்து கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மசாலா சிரப்பாகக் காய்ச்சி வைத்துவிடலாம் என்று நேற்று ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பட்டைத் தூள் ஒரு மேசைக்கரண்டி, கிராம்புத் தூள் அரைத் தேக்கரண்டி, சுக்குத் தூள், ஜாதிக்காய்த் தூள் எல்லாம் கொட்டி இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். வீடே மணந்தது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆறின பிறகு கரண்டியைத் தூக்கினால் கூடவே ஒரு இழை எழும்பி வருகிறது. மூக்குச் சளியேதான், வேறு உவமை தோன்றவில்லை, மன்னிக்கவும். துணியில் வடிகட்டப் போனால் துணி அடைத்துக்கொண்டு சொட்டுகூட இறங்கவில்லை. நாக்கில் வைத்தால் கிராம்பு மட்டும்தான் தெரிகிறது, நாக்கு மரத்துப்போய் அரை மணி நேரம் வேறு ருசியே தெரியவில்லை. பாகு முற்றிவிட்டதா? இன்னும் தண்ணீர் விட்டால் சரியாகுமா?

இலவங்கம்77:
பாகு முற்றவில்லை. முற்றினால் ஆறினதும் கெட்டியாகும், இல்லையென்றால் பூத்துப்போய் மணல் மணலாக உறையும், இப்படி வழவழக்காது. வழவழப்புக்குக் காரணம் பட்டைத் தூள். பட்டை என்பது மரத்தின் உள்பட்டை, அதில் வெண்டைக்காயில் இருப்பது போன்ற ஒரு பசைப்பொருள் இருக்கிறது. தூளாக்கித் தண்ணீரில் போட்டால் அந்தப் பசை முழுக்க ஊறி வெளியே வந்துவிடும். முழுப் பட்டையைப் போட்டால் வாசனை வரும், பசை அவ்வளவாக வராது.

தண்ணீர் விட்டால் தண்ணீரான சளி கிடைக்கும். கொட்டிவிடுங்கள்.

நாக்கு மரத்தது கிராம்பிலிருக்கும் யூஜினால் செய்த வேலை. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைப்பதும் இதற்காகத்தான். அரைத் தேக்கரண்டித் தூள் என்பது இந்த அளவுக்கு மிக மிக அதிகம். முழுக் கிராம்பு நான்கு போதும், அதையும் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

நான் செய்வது இப்படி. 250 மில்லி தண்ணீர், விரல் நீளப் பட்டை இரண்டு (உடைத்துப் போடுங்கள்), ஏலக்காய் நான்கைத் தட்டி, அன்னாசிப்பூ பாதி, வட்டமாக நறுக்கிய இஞ்சி 20 கிராம். எல்லாம் சேர்த்துக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்துக் கிராம்பைப் போட்டு மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் கிராம்பை மட்டும் எடுத்துவிட்டு இன்னும் இருபது நிமிடம் மூடியபடி விடுங்கள். வடிகட்டி, வந்த நீரை எடை போட்டு அதே எடைக்குச் சர்க்கரை சேர்த்து, கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள். சர்க்கரை கரைந்ததும் வேலை முடிந்தது. ஜாதிக்காயை அடுப்பை அணைத்த பிறகு நான்கு இழுப்பு துருவிப் போட்டுக் கலக்கி, இன்னொரு முறை வடிகட்டினால் போதும்.

அடிப்பிடிச்சான்:
வீடே மணந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. அது பாட்டிலுக்குள் இருக்க வேண்டிய மணம். மூடி போடுங்கள்.

இன்னொன்று, கப் கணக்கை விட்டுவிடுங்கள். 240 மில்லி கப்பில் வெள்ளைச் சர்க்கரை 200 கிராம்தான் பிடிக்கும், தண்ணீரோ 240 கிராம். நாம் ஒன்றுக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் அது சர்க்கரை 45 சதவீதம்தான். பழுப்புச் சர்க்கரையை அழுத்தி நிரப்பினால் அதே கப்பில் 220 கிராம் வரை போய்விடும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ருசி வருகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் பாதிப்பேர் தராசு இல்லாதவர்கள்.

பாதிச்சர்க்கரை:
தூளை ஒரேயடியாகத் தள்ளிவைக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஜிஞ்சர்பிரெட் (இஞ்சியும் மசாலாவும் போட்ட கேக்) ருசி வேண்டுமென்றால் முழு மசாலாவில் அது வராது, அந்த மண்வாசனை போன்ற அடர்த்தி தூளில்தான் இருக்கிறது. ஆனால் சுக்குத் தூளை மட்டும் காகித டீ வடிகட்டிப் பையில் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு ஐந்து நிமிடம் முக்கி எடுக்கிறேன். பட்டை எப்போதும் முழுசாகத்தான். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் பாதிக்குப் பாதி பழுப்புச் சர்க்கரை போட்டால் மொலாசஸ் (சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புக் கரும்புப் பாகு) ருசியும் வந்துவிடும், நிறமும் நன்றாக இருக்கும்.

இலவங்கம்77:
காகிதப் பை நல்ல யோசனை. பழுப்புச் சர்க்கரை காபிக்குச் சரி, சோடாவுக்குச் சரிப்படாது. கண்ணாடி டம்ளரில் கலங்கல் தண்ணீர் மாதிரி தெரியும். குழந்தைகள் அதைப் பார்த்தே ஒதுக்கிவிடும்.

மழைக்குருவி:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்விகள். ஒன்று, இந்தப் பட்டை அந்தப் பட்டை என்கிறார்களே, என்னிடம் இருப்பது தடித்த ஒற்றைச் சுருள், மரக்கட்டை மாதிரி, உடைக்கச் சுத்தியல் வேண்டும். இரண்டு, மசாலாவை வறுத்துப் போடலாமா? மூன்றுதான் பயமாக இருக்கிறது. போன வருடம் ஒருவர் வீட்டில் கொடுத்த இஞ்சி சிரப்பைப் பால் காபியில் விட்டதும் அப்படியே திரிந்துவிட்டது. விருந்தினர் முன்னால் அப்படி ஆகிவிட்டால்?

இலவங்கம்77:
தடித்த ஒற்றைச் சுருள் காசியா. காரமும் இனிப்பும் கலந்த, எல்லோருக்கும் பழகிய அந்தப் பட்டை வாசனை அதுதான். மெல்லிய தாள் தாளாகச் சுற்றி, கையாலேயே நொறுங்குவது சிலோன் பட்டை, மணம் மென்மையாக இருக்கும். காபி மாதிரி கசப்பான பானத்தில் சிலோன் பட்டை காணாமல் போய்விடும், அதனால் உங்களுக்குக் காசியாவே நல்லது. ஒரு விஷயம் மட்டும்: காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. விடுமுறையில் நான்கு நாள் காபியில் ஒரு கரண்டி விடுவதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். வருடம் முழுக்கத் தினமும் என்றால் சிலோனுக்கு மாறிவிடுங்கள், அதில் கூமரின் மிகக் குறைவு.

அடிப்பிடிச்சான்:
வறுக்கலாம், வெறும் வாணலியில் ஒரு நிமிடம், கை வைத்தால் சூடு தெரிகிற அளவுக்கு. என் பெயரைப் பார்த்து எச்சரிக்கையாக இருங்கள்.

இலவங்கம்77:
வேண்டவே வேண்டாம். எப்படியும் கொதிநீரில் போடப் போகிறீர்கள், அதற்கு முன்னால் வாசனையை வாணலியில் பறக்கவிடுவானேன்?

அடிப்பிடிச்சான்:
வறுத்த வாசனை வேறு, பச்சை வாசனை வேறு சகோ. இரண்டையும் செய்து பாருங்கள்.

இலவங்கம்77:
செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

சுக்குமிளகு:
வறுவல் சண்டையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பால் திரிந்த கதைக்கு வருகிறேன். இரண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது, வெதுவெதுப்பான பாலில் இஞ்சிச் சாற்றை ஊற்றினால் பால் உறைந்தே போகும். கொதித்தால் அந்த நொதி செத்துவிடும். சிலர் காரம் தூக்கலாக இருக்கட்டும் என்று சிரப் ஆறின பிறகு இஞ்சியைப் பிழிந்து சாறு சேர்ப்பார்கள், அந்த சிரப் பாலுக்கு எமன். மேலே இலவங்கம் சொன்ன மாதிரி இஞ்சியைத் தண்ணீரோடு கொதிக்கவைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது புளிப்பு. பாட்டிலில் சர்க்கரை பூக்கக் கூடாதென்று எலுமிச்சைச் சாறு விடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பாலின் புளிப்பு அளவு பி.ஹெச். 4.6 பக்கம் வந்தால் அறைச் சூட்டிலேயே திரியும், சூடாக இருந்தால் அதற்கு முன்பே திரியும். காபியே கொஞ்சம் புளிப்பு, அதன் மேல் எலுமிச்சை விட்ட சிரப், அதன் மேல் சூடான பால் என்றால் கேட்கவே வேண்டாம். பாலில் கலக்கப் போகிற சிரப்பில் எலுமிச்சையும் வேண்டாம், ஆரஞ்சுச் சாறும் வேண்டாம். ஆரஞ்சு மணம் வேண்டுமென்றால் தோல் மட்டும் போடுங்கள், மணமெல்லாம் தோலில்தான் இருக்கிறது.

காரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால், அது கொதிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஜிஞ்சரோன் ஆகி இனிப்பு வாசனையாக மாறிவிடும். காய்ந்து சுக்கானால் அதே ஜிஞ்சரால் ஷோகாலாகி இன்னும் காரமாகும். தொண்டையில் இறங்குகிற சூடு வேண்டுமென்றால் சுக்கைத் தட்டிப் போடுங்கள், மூக்குக்கு மணம் வேண்டுமென்றால் இஞ்சி. நான் இரண்டையும் போடுவேன், நாலைந்து மிளகும் தட்டிப் போடுவேன். மிளகு போட்டது யாருக்கும் தெரியாது, போடாவிட்டால் ஏதோ குறைகிறது என்பார்கள்.

மழைக்குருவி:
அப்படியென்றால் போன வருடத்துக் காபி எலுமிச்சை வேலையாகத்தான் இருக்கும், அந்த சிரப் லேசாகப் புளித்தது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. நல்லவேளை கேட்டேன்.

எவ்வளவு நாள் முன்னால் காய்ச்சி வைக்கலாம்? கெட்டியாகக் காய்ச்சினால் நாள்பட இருக்கும் என்கிறார்களே, கம்பிப் பதம் வரை விடலாமா?

அடிப்பிடிச்சான்:
கம்பிப் பதம் போகாதீர்கள். அது 106 டிகிரிக்கு மேல், அதில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். குளிர்ந்த சோடாவில் விட்டால் அடியில் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கரண்டியால் குத்திக்கொண்டிருப்பீர்கள். சாதாரண சிரப் கொதிப்பது 102 டிகிரி பக்கம், அதற்கு மேல் வேலையே இல்லை. அதைக்கூடக் கொதிக்கவிடத் தேவையில்லை என்பதுதான் மேலே சொன்னது.

நாள்பட இருக்க வேண்டுமென்றால் ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை என்று எடை போட்டுச் செய்யுங்கள். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 100 கிராம் தண்ணீர் அறைச் சூட்டில் 200 கிராமுக்குச் சற்று மேலே சர்க்கரையைத் தாங்கும், பூஜ்யம் டிகிரி பக்கம் போனால் 180 கிராம் அளவுதான் தாங்கும். அடுப்படியில் கண்ணாடி மாதிரி இருந்தது ஃபிரிட்ஜுக்குள் போனதும் அடியில் கற்கண்டு கட்டிக்கொள்வது இதனால்தான். சர்க்கரையில் பத்தில் ஒரு பங்குக்குப் பதில் குளுக்கோஸ் சிரப் சேர்த்தால் கட்டாது, பாலும் திரியாது. அதையும் மீறிக் கட்டினால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வையுங்கள், கரைந்துவிடும்.

ஒன்றுக்கு ஒன்று சிரப்பை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கெட்டி சிரப் சில மாதம் தாங்கும். இரண்டையுமே வெளியில் வைக்க வேண்டாம். கண்ணாடி பாட்டிலையும் மூடியையும் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, சிரப் சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள்.

ஒரு பாட்டில் எனக்குப் பூஞ்சை பிடித்த கதை சொல்கிறேன். எல்லாம் சுத்தமாகத்தான் செய்திருந்தேன். சூடான சிரப்பை ஊற்றி உடனே மூடி ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டேன். ஆவி மூடியின் உட்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாக சிரப்பின் மேலே விழுந்து, அங்கே மட்டும் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம். கீழே இருந்த சிரப்பில் சர்க்கரை அடர்த்தியாக இருந்தது, மேலே அந்தப் படலத்தில் இல்லை. பூஞ்சைக்கு அது போதுமே. பத்தாம் நாள் பார்த்தால் மேலே வெள்ளையாக ஒரு வட்டம், நடுவில் பச்சைப் புள்ளி. இப்போதெல்லாம் ஆறின பிறகு ஒருமுறை மூடியைத் திறந்து துடைத்துவிட்டு, பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். பூஞ்சை தெரிந்தால் மேலே வழித்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள். உள்ளே ஏலக்காயையும் பட்டையையும் மிதக்கவிட்டு அழகு பார்க்கவும் வேண்டாம். அவை ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு வாரத்தில் கசக்கும்.

பாதிச்சர்க்கரை:
கெட்டி சிரப்புக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எடுத்தால் அதில் சர்க்கரை 9 கிராம் அளவு. இரண்டுக்கு ஒன்றில் அதே கரண்டியில் 13 கிராம். இனிப்பு ஒரே அளவாக இருக்க வேண்டுமென்றால் கெட்டி சிரப்பைக் குறைத்துத்தான் ஊற்றுவோம், அதே மசாலா நீரில் இரண்டு மடங்கு சர்க்கரை என்பதால் அப்போது மசாலா பாதியாகிவிடும். கெட்டியாகச் செய்தால் மசாலாவை இரண்டு மடங்காக்குங்கள். இல்லாவிட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றின மாதிரிதான் இருக்கும், ஏனென்றே புரியாது.

கரண்டியால் நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நக்கும்போது அபாரமாக இருக்கிற சிரப் 200 மில்லி காபியில் ஒன்றுமே இல்லாமல் போகும். எந்தப் பானத்துக்கோ அந்தப் பானத்தில், எந்தச் சூட்டில் குடிப்பீர்களோ அந்தச் சூட்டில் கலந்து பாருங்கள்.

கப்புக்கேக்:
கேக் பக்கம் நான் வருகிறேன், யாரும் பேசவில்லை. கேக்கில் தடவுவதற்கு ஒன்றுக்கு ஒன்றுதான், கெட்டி சிரப் மேலேயே நின்றுகொண்டு பிசுபிசுக்கும். 20 செ.மீ. கேக்கின் ஒரு அடுக்குக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி. பல் குத்தும் குச்சியால் அங்கங்கே குத்திவிட்டு, பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள், ஏனென்றால் முதலில் காய்வது ஓரம். கேக் சூடாக இருந்தால் சிரப் ஆறியிருக்கட்டும், கேக் ஆறியிருந்தால் சிரப் சூடாக இருக்கட்டும்.

ஐஸ்கிரீமுக்குக் கெட்டி சிரப். மேலே விட்டதும் குளிரில் இன்னும் கெட்டியாகித் தேன் மாதிரி நிற்கும். கிரீம் அடிக்கும்போது சர்க்கரைக்குப் பதில் விடலாம், ஒரு கப் கிரீமுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் நீர்த்துவிடும். பேரிக்காய் தோல் சீவி, சிரப்பில் இரண்டு மடங்கு தண்ணீர் சேர்த்து அதில் மெதுவாக வேகவைத்தால் பெரிய விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றைக் கனக்க வைக்காத இனிப்பு. அந்த வெந்த நீரை வற்றவைத்து மேலே ஊற்றலாம்.

சர்க்கரைக்குப் பதில் தேனில் செய்தால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள், தேன் எந்த வடிவத்திலும் அவர்களுக்கு ஆகாது. வருகிறவர்களில் கைக்குழந்தை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாராவது விரலில் தொட்டு வாயில் வைத்துவிடுவார்கள்.

சுக்குமிளகு:
சம்பந்தமில்லாமல் ஒன்று: சிரப், சர்பத் இரண்டு சொல்லுக்கும் மூலம் ஒன்றுதான், குடிப்பது என்ற பொருளுள்ள ஒரே அரபு வேர். கேக்கில் தடவுவதெல்லாம் பின்னால் வந்த கூத்து.

மழைக்குருவி:
இரண்டாவது முறை செய்துவிட்டேன். காசியாப் பட்டை இரண்டு, ஏலக்காய் நான்கு, அன்னாசிப்பூ பாதி, இஞ்சியும் சுக்கும், மிளகு ஐந்து, கடைசியில் பத்து நிமிடம் மட்டும் கிராம்பு. அலைபேசியில் மணி வைத்துக்கொண்டு எடுத்தேன். வறுக்கவில்லை, அடிப்பிடிச்சான் அண்ணா கோபிக்க வேண்டாம். வடிகட்டியதும் 205 கிராம் நீர், 205 கிராம் சர்க்கரை. பாட்டிலில் 320 மில்லி வந்தது. இழை இல்லை, வழவழப்பு இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இளம் தேயிலை நிறம்.

காபியில் ஒரு மேசைக்கரண்டி, பால் திரியவில்லை. கணவர் இரண்டாவது டம்ளர் கேட்டார், அது வழக்கமாக நடப்பதில்லை.

தவறும் ஒன்று செய்துவிட்டேன். ஆரஞ்சுத் தோலை உரிப்பானால் சீவாமல் கையால் உரித்து, உள்ளே இருந்த வெள்ளையோடு அரை மணி நேரம் ஊறவிட்டேன். அடிநாக்கில் லேசான கசப்பு நிற்கிறது. காபியில் தெரியவில்லை, காபிக்கே கசப்பு உண்டு. ஐஸ் போட்ட சோடாவில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதோடு சோடாவில் இனிப்பும் குறைவாகத் தெரிந்தது, அதே 200 மில்லிக்கு அதே ஒரு கரண்டிதான் விட்டேன்.

பாதிச்சர்க்கரை:
குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும், அதனால்தான் உருகின ஐஸ்கிரீம் திகட்டுகிறது. சோடாவுக்கு ஒன்றரைக் கரண்டி. கசப்புக்கு ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், முழு பாட்டிலுக்கும் ஒரே சிட்டிகை, கரித்துவிடக் கூடாது.

இலவங்கம்77:
அடுத்த முறை ஆரஞ்சின் நிறமுள்ள வெளித்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, கிராம்போடு சேர்த்துப் போட்டு அதோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். இந்த பாட்டிலைக் காபிக்கும் கேக்குக்கும் ஒதுக்கிவிடுங்கள், சோடாவுக்கு ஆரஞ்சு இல்லாமல் வெள்ளைச் சர்க்கரையில் தனியாக ஒன்று. ஒரே சிரப் எல்லாவற்றுக்கும் என்று ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம்.

மழைக்குருவி:
உப்பு போட்டேன். கசப்பு போகவில்லை, ஆனால் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அது போதும். நாளை சோடாவுக்குத் தனி பாட்டில் காய்ச்சுகிறேன். வடிகட்டின பட்டையையும் ஏலக்காயையும் தட்டில் காயவைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனம் வரவில்லை, சர்க்கரை டப்பாவில் போட்டால் வாசனை ஏறுமா?

அடிப்பிடிச்சான்:
ஏறும். நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த பிறகு போடுங்கள், ஈரம் இருந்தால் டப்பாவே கட்டியாகிவிடும். இஞ்சியைப் போடாதீர்கள், அதைச் சர்க்கரையில் புரட்டி அப்படியே தின்றுவிடுங்கள், காய்ச்சினவருக்கு உள்ள கூலி அதுதான்.

மழைக்குருவி:
இஞ்சி நேற்றே தீர்ந்துவிட்டது.